புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் மறுபடி வேலைக்கு: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கீமோவோ கரண்டோ (கதிர்வீச்சுச் சிகிச்சை) முடிந்து வீட்டுக்கு வந்த மாதத்திலேயே இரண்டு பேச்சு எழும். வீட்டில் "இனி எதுக்கு வேலை, சும்மா இரிங்க" என்பார்கள். கடையிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ "எப்ப வாறிய?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் அன்றே பதில் சொல்லிவிடாதீர்கள். சிகிச்சை முடிந்த கையோடு வேலையை விடுவது, இல்லையென்றால் முதல் நாளே முழு நேரமும் நிற்பது, இந்த இரண்டில் ஒன்றைச் செய்துதான் பெரும்பாலானவர்கள் கஷ்டப்படுகிறார்கள். முதல் மூன்று மாதத்தில் உடம்பு காட்டும் கணக்கு நிரந்தரக் கணக்கு அல்ல. அதை வைத்து வாழ்நாள் முடிவு எதுவும் எடுக்க வேண்டாம்.

ராஜினாமா கடிதத்தை எழுதும் முன்

வேலையோடு சேர்ந்து என்னென்ன போகும் என்று முதலில் பாருங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கும். சாதாரண நோய்க்கு அதில் ஆண்டுக்கு 91 நாள் வரை, சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய்க்கு இதைவிடக் கூடுதல் உண்டு. நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், புற்றுநோய் அதில் ஒன்று. அந்தப் பட்டியலில் வருபவர்களுக்குக் கூலியில் 80 சதவீதம், தேவைப்பட்டால் 2 ஆண்டு வரை நீட்டித்துத் தருவார்கள். அதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். அந்த நான்கு அரையாண்டுகளில் 156 நாளாவது பங்குத்தொகை கட்டியிருக்க வேண்டும். பலர் 91 நாள் முடிந்ததும் "அவ்வளவுதான்" என்று நின்றுவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் "நீட்டித்த நோய்ப்படி வேண்டும்" என்று வாயால் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்குத்தொகைக்கு உரிய பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வரும். அதனால் சம்பளமில்லா விடுப்பில் வெகுநாள் இருந்தால், அடி அப்போது தெரியாது, அரை வருடம் கழித்துத்தான் தெரியும்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தில் நோய்ச் செலவுக்கு முன்பணம் எடுக்கலாம், அதற்காகக் கணக்கை முடிக்க வேண்டியதில்லை. பத்து ஆண்டுப் பணி நிறைந்தால்தான் ஓய்வூதிய உரிமை வரும். ஒன்பதாம் ஆண்டில் இருப்பவர் விலகுவதற்கு முன் இந்த ஒன்றுக்காகவே யோசிக்க வேண்டும். இனி எந்த வேலையும் பார்க்க முடியாது என்று முழு, நிரந்தர ஊனம் மருத்துவ ரீதியாக முடிவானவர்களுக்குப் பத்து ஆண்டு என்ற வரம்பு கிடையாது. பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) உள்ள ஐந்தாண்டு வரம்பும் ஊனத்தால் விலகுகிறவருக்குப் பொருந்தாது.

கம்பெனி எடுத்துக்கொடுத்த குழு மருத்துவக் காப்பீட்டையும் மறக்க வேண்டாம். நீங்களாகத் தனிப் பாலிசி எடுக்கப் போனால், ஏற்கெனவே இருந்த நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம், பாலிசியே தர மறுக்கவும் செய்யலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேலையோடு ஒட்டியது அல்ல. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் உண்டு. அந்த அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு ஊழியர்களுக்கு இன்னொரு பலம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய பணியைப் பார்க்க முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். புற்றுநோய் என்ற நோய்ப்பெயர் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. ஆனால் குரல்வளை எடுத்ததால் வந்த நிரந்தரப் பேச்சுக் குறைபாடும், கை கால் இழப்பும், கீமோவால் வந்த காது கேளாமையும் அதில் அடங்கும். 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

செய்யும் வேலையைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

"என்னால் வேலை பார்க்க முடியுமா?" என்று டாக்டரிடம் கேட்டால் "பார்க்கலாம், சிரமப்படாதீங்க" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. போவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் வேலையைப் பிரித்து எழுதுங்கள். டவுன் ரத வீதி ஜவுளிக்கடையில் விற்பனையாளர் என்றால்: அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவது, காலை முதல் இரவு வரை நிற்பது, தலைக்கு மேல் உள்ள தட்டிலிருந்து பண்டல் இறக்குவது, சேலையை விரித்து மடிப்பது, பில் சீட்டு எழுதுவது, மாடிப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ, எவ்வளவு வெயில் என்று குறியுங்கள்.

இப்படி எழுதியதும் ஒன்று தெரியவரும்: மொத்த வேலையில் ஒன்றிரண்டு துண்டுதான் இடிக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நெறிக்கட்டி எடுத்தவருக்குப் பண்டல் இறக்குவது மட்டுமே சிக்கலாக இருக்கலாம். நிற்பதற்கு ஒரு ஸ்டூல் போதும், அதுவும் தயவு கேட்டு வாங்க வேண்டியதில்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது.

உடம்பு எங்கே மக்கர் பண்ணும்

சோர்வுதான் எல்லோருக்கும் பொது. இது உழைத்த களைப்பு மாதிரி தூங்கினால் தீர்வதில்லை. முதலில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தில் கரண்ட் வைத்தவர்கள் தைராய்டும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சுரப்பி மெதுவாகச் செயலிழப்பது உண்டு. மாத்திரை போட்டதும் சோர்வு குறையும். காரணம் எதுவும் அகப்படாவிட்டால் நடைதான் மருந்து: வாரம் மூன்று நாள், 30 நிமிடம், மூச்சு லேசாக வாங்கும் வேகம். படுத்தே இருந்தால் சோர்வு கூடும்.

அக்குள் நெறிக்கட்டி எடுத்தவர்கள் கையைக் கவனியுங்கள். வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கை கனக்கும், வளையல் இறுகும், ஜாக்கெட் கை பிடிக்கும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், தையல் டேப்பால் மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள்: மணிக்கட்டு, முழங்கைக்கு 10 செ.மீ. கீழே, 10 செ.மீ. மேலே. மறு கையையும் அளக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் சமமாக இருந்த கைகளில் 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் அழுத்த உறையும் பயிற்சியும் போதும், விட்டுவிட்டால் தோல் கெட்டியாகிவிடும். பத்தமடைப் பக்கம் கோரைப்புல் கையாளுகிறவர்களும், வயலில் நெல் தாள் கையைக் கிழிக்க வேலை பார்க்கிறவர்களும் அந்தக் கைக்கு உறை போட்டுக்கொள்ள வேண்டும். கீறல் விழுந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். சிவந்து சூடாகி காய்ச்சலும் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும் என்பது பழைய பேச்சு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. அரை பாட்டிலில் தொடங்கி, கை கனக்காமல் இருந்தால் சிறிது சிறிதாக ஏற்றலாம். நிறைகுடம் பன்னிரண்டு, பதினைந்து கிலோ வரும். அது கடைசிப் படி.

விரல் மரத்துப்போவது நம் பக்கத்தில் தனிப் பிரச்சினை, ஏனென்றால் இங்கே வேலை பாதி விரல் நுனியில்தான் நடக்கிறது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இலை வெட்டுவதற்குக் கத்தரிப் பிடி போதும், உருட்டுவதற்குப் பழக்கம் போதும். ஆனால் தூள் இறுக்கமாக இருக்கிறதா, நுனி சரியாக மடங்கியதா என்பதைக் கண் பார்ப்பதில்லை, விரல்தான் பார்க்கிறது. அந்த உணர்வு போனால் பீடி லூசாகி, கொடுக்கப்போன இடத்தில் கழிவு விழும். பாக்லிடாக்ஸெல், ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், வின்கிறிஸ்டின் ஆகிய கீமோ மருந்துகள் போட்டவர்களுக்கு இது சகஜம். வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரூபாயையும் ஐந்து ரூபாயையும் விரலால் பிரித்துச் சொல்லுங்கள், சட்டைப் பட்டனைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். மாதம் ஒரு முறை செய்து குறித்து வையுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் முடிந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் மரப்பு கூடிக்கொண்டே போகலாம், பிறகுதான் இறங்கும். இறங்க ஓர் ஆண்டுகூட ஆகும். இடையில் பயந்து "கை போச்சு" என்று முடிவு கட்டக் கூடாது. அந்த மருந்து போட்டவர்கள் குளிர்பானக் கடையில் பிரிட்ஜுக்குள் வெறுங்கை விட வேண்டாம், சுரீரென்று இழுக்கும். அடுப்படி வேலைக்காரர்கள் சூட்டை மரத்த விரலால் சோதிக்காமல் முழங்கையால் சோதிக்க வேண்டும். பாதம் மரத்திருக்கும் டிரைவர், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாதவரை ஸ்டியரிங்கில் உட்காரக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய் வந்தவர்கள் பீடித்தூளுக்குப் பக்கத்தில் மறுபடி உட்கார வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பாஸ்புக்கையும் பி.எஃப். கணக்கையும் ஒழுங்காக முடித்துக்கொண்டு வேறு தொழில் பாருங்கள். முகம், கழுத்தில் கரண்ட் வைத்த ஆசிரியர்களுக்கு எச்சில் வற்றும். வகுப்பில் தண்ணீர் பாட்டிலும், இடுப்பில் மாட்டும் சின்ன மைக் செட்டும் வைத்துக்கொண்டால் குரல் தாங்கும். பல் பிடுங்க வேண்டி வந்தால் கரண்ட் வைத்ததைப் பல் டாக்டரிடம் சொல்லாமல் நாற்காலியில் உட்காரக் கூடாது. தாடை எலும்பு ஆறாமல் போகும்.

வயிற்றில் பை (கழிவு வெளியேறிச் சேரும் பை) வைத்தவர்கள், பை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி நிறைவதற்குள் காலி செய்துவிடுங்கள். கனம் ஏறினால் ஒட்டு பிரிந்துவிடும். வேலை இடத்தில் இரண்டு மாற்றுப் பை, கத்தரி, பஞ்சு, பாலித்தீன் கவர், ஒரு மாற்று உடை இருக்கட்டும். அதை மே மாதத்தில் பைக் டிக்கிக்குள் வைக்காதீர்கள், சூட்டில் பசை இளகிவிடும். பாரம் தூக்கினால் பை வைத்த இடத்தில் குடல் பிதுங்கும், லோடு வேலை இவர்களுக்கு ஒத்துவராது.

வீட்டிலேயே இரண்டு வாரம் ஒத்திகை

வேலை நாள் போலவே எழுந்து குளித்துக் கிளம்புங்கள். முதல் வாரம் வீட்டில் இரண்டு மணி நேரம், நடுவில் படுக்காமல், வேலைக்கு நெருக்கமான எதையாவது செய்யுங்கள். இரண்டாம் வாரம் நான்கு மணி நேரம். ஒரு நாளாவது வேலைக்குப் போகும் அதே பஸ்ஸில், அதே நேரத்தில் போய் வாருங்கள். காலை எட்டரைக்கு வண்ணாரப்பேட்டை பக்கம் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதே சிலருக்கு அன்றைய முழுச் சக்தியையும் தின்றுவிடும். அது முதலிலேயே தெரிய வேண்டும். காலை, மதியம், இரவு என்று சோர்வுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். மறுநாள் காலை எழும்போதும் நேற்றிரவு மதிப்பெண்ணே இருந்தால், நேற்றுச் செய்தது அதிகம்.

டாக்டரிடம் வாங்க வேண்டிய கடிதம்

"பணிக்குத் தகுதியானவர்" என்ற ஒற்றை வரிச் சான்று மருத்துவ விடுப்பை முடிக்க உதவும், உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் எழுதிய துண்டுத்தாளைக் காட்டி இவற்றையும் எழுதி வாங்குங்கள்: எந்தத் தேதியிலிருந்து, தினம் எத்தனை மணி நேரம், எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, வெயிலில் எவ்வளவு நேரம், எத்தனை வாரம் கழித்து மறுபரிசீலனை, செக்கப் எந்தெந்த மாதம். கடைசியில் உள்ள மறுபரிசீலனைத் தேதிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் முதலாளி இதை ஆயுளுக்கும் உள்ள கட்டுப்பாடு என்று நினைத்துப் பயப்படுவார். நோயின் பெயர் கடிதத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை, "அறுவை சிகிச்சைக்குப் பின்" என்று எழுதினாலே போதும். இ.எஸ்.ஐ.க்கும் காப்பீட்டுக்கும் போகும் தாள்கள் வேறு, அவற்றில் முழு விவரமும் வேண்டும்.

முதலாளியிடம் பேசுவது

போனில் வேண்டாம், நேரில் போங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள். என்ன முடியாது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லி, என்ன முடியும் என்பதில் பேச்சை நிறுத்துங்கள். உதாரணமாக:

"அண்ணாச்சி, வாற பதினஞ்சாம் தேதியில இருந்து வேலைக்கு வரலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காவ. மொத ரெண்டு மாசம் மதியம் வரைக்கும் பாக்கேன். மேல் தட்டுல இருந்து பண்டல் இறக்குறத மட்டும் பயலுவள வச்சுப் பாத்துக்கிடுங்க. பில் போடுற எடத்துல விட்டியன்னா முழுசாப் பாக்கேன்."

அரை நாளுக்கு அரைச் சம்பளமா, பிடித்தம் உண்டா என்பதை அங்கேயே கேட்டு, பெரிய நிறுவனம் என்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட வேலை பார்க்கிறவர்களில் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருப்பது நல்லது. சிலர் டம்ளரை ஒதுக்கி வைப்பார்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல என்றும், வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் உடம்புக்குள் தங்காது என்றும் நேராகச் சொல்லிவிடுங்கள். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள் மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்ன நாட்கள் வரை குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் விலகி இருக்க வேண்டும்.

முதல் எட்டு வாரம்

பலருக்கு ஒத்துவரும் கணக்கு இது: முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்று நான்கு மணி நேரம். அடுத்த இரண்டு வாரம் வாரத்தில் ஐந்து நாள், அதே நேரம். ஐந்தாம் வாரத்திலிருந்து ஆறு மணி நேரம். எட்டாம் வாரம் முடிந்து முழு நேரம். மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்கார வேண்டும், அசதி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன். கனமான வேலையைக் காலையில் முடித்துவிடுங்கள். ஹார்மோன் மாத்திரை போடுகிறவர்களுக்குக் காலையில் மூட்டு பிடித்துக்கொள்ளும், அவர்கள் ஒரு மணி நேரம் தள்ளி வேலை தொடங்கக் கேட்கலாம்.

தவறு பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் நடக்கும். "நல்லாத்தானே இருக்கோம்" என்று ஒரு நாள் சரக்கு வந்த வண்டியை இறக்கக் கை கொடுப்பார்கள், அடுத்த நான்கு நாள் படுக்கை. நல்ல நாளிலும் கணக்குக்கு மேல் போகாதவர்தான் எட்டாம் வாரத்தைத் தாண்டுகிறார். மறதியும் கவனச் சிதறலும் சில மாதம் இருக்கும். கல்லாவில் இருப்பவர்கள் ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொன்றையும் எழுதி அடித்துக்கொண்டே போனால் சமாளிக்கலாம்.

கீமோ நடுவிலேயே வேலைக்குப் போகிறவர்கள் 21 நாள் சுற்றை வைத்துத் திட்டமிடுங்கள். மருந்து ஏறிய 7 முதல் 14ஆம் நாள் வரை வெள்ளணு குறைந்திருக்கும். கூட்டமான கடை, கல்யாண வீடு, பள்ளிக்கூடம் அந்த நாட்களில் வேண்டாம். மூன்றாம் வாரம் வேலைக்கு நல்லது.

தொழிலையே மாற்றுவதானால்

நரம்பும் சோர்வும் ஒரு நிலைக்கு வர ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு ஆகும், அதன் பிறகு முடிவெடுங்கள். தூள், பூச்சிமருந்து, உயரம், வாகனம் ஓட்டுதல் ஆகியவை தடையாக இருப்பவர்கள் மட்டும் முன்பே மாறலாம். புதிதாக ஒன்றைக் கற்பதைவிட, தெரிந்த தொழிலிலேயே உடம்பு குறைவாகப் படும் பக்கத்துக்கு நகர்வது நல்லது. கொத்தனாருக்குக் கலவை, அளவு, ஆள் கணக்கு எல்லாம் அத்துப்படி, அவர் மேற்பார்வைக்கும் சாமான் வாங்கிப் போடுவதற்கும் மாறலாம். ராதாபுரம் பக்கம் காற்றாலைக் கோபுரம் ஏறியவருக்கு உதிரிபாக ஸ்டோரிலோ கண்காணிப்பு அறையிலோ இடம் இருக்கும். லாரி டிரைவர் புக்கிங் ஆபீசில் உட்காரலாம். தையல்காரர் மிதி மிஷினில் மோட்டார் மாட்டினாலே பாதி சிரமம் குறையும். கார், பிசானம் என்று இரு போகம் பார்த்த விவசாயி, மம்பட்டி வேலைக்கும் மருந்தடிக்கவும் ஆள் வைத்துவிட்டுத் தண்ணீரையும் கணக்கையும் தான் பார்க்கட்டும், மொத்தமாகக் குத்தகைக்கு விட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

சிறுதொழில் தொடங்க மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் திட்டங்கள் உண்டு. கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் பயிற்சி இலவசம். ஆனால் நகையை அடகு வைத்து முதல் மாதமே கடை பிடிக்காதீர்கள். மூன்று மாதம் வீட்டிலிருந்தபடி சிறிய அளவில் செய்து பாருங்கள். ஆறு மாத வீட்டுச் செலவும் ஓராண்டுச் செக்கப் செலவும் தனியே இருக்க வேண்டும். "வீட்டிலிருந்தே மாதம் 30,000, பதிவுக் கட்டணம் மட்டும்" என்று வரும் போன் எல்லாம் ஏமாற்று. சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறவர்களைக் குறிவைத்தே வருகிறார்கள்.

புதிய இடத்தில் இடைவெளியைப் பற்றிக் கேட்டால், "உடல்நலக் காரணத்தால் ஓராண்டு விடுப்பு, சிகிச்சை முடிந்தது, டாக்டர் அனுமதி இருக்கிறது" என்பது போதும். ஆனால் மருத்துவ விவரம் கேட்கும் படிவத்திலோ காப்பீட்டுத் தாளிலோ எழுத்தில் பொய் சொல்லக் கூடாது. பின்னால் ஒரு க்ளெய்ம்கூட நிற்காது.

செக்கப் நாளை வேலைக்குள் சேர்த்தல்

பொதுவாக முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் வரச் சொல்வார்கள். திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ போகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் ஆகும். ஆண்டுக்கு எட்டு நாள் விடுப்பை ஜனவரியிலேயே ஒதுக்கி, தேதியை முதலாளிக்குச் சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போகும் ரயில் பயணத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு, கூட வரும் ஒருவருக்கும் உண்டு. அதற்கான படிவத்தை ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் வேலையைப் போட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரவானாலும் சரி. அந்தச் செய்தியும், எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், என்ன மருந்து ஓடுகிறது என்ற விவரமும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப் பையிலும், இன்னொன்று வேலை இடத்தில் உங்களுக்கு நெருக்கமானவரிடமும் இருக்கட்டும்.